குமாரமங்கலம் இராதாபாயும் வட்டமேசை மாநாட்டு மகளிர் வழக்கும்

பரமத்தி வேலூர் காவிரியின் வடகரையில் அமைந்த ஊர். அதற்கு வடக்கே திருச்செங்கோடு வரை பரந்து கிடக்கும் சமவெளி, பழைய சேலம் மாவட்டத்தின் தென்பகுதியாக இருந்து 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. இந்நிலப்பகுதியின் அண்மைக்கால வரலாறு பேசப்படுங்கால், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் சமீன் குடும்பத்தார் பெயர்கள் தவறாது இடம்பெறும். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய டாக்டர் ப. சுப்பராயன், இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், நடுவண் அரசில் அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலம் ஆகியோரை அறியாதார் இலர். இராதாபாய் சுப்பராயன் என்னும் அம்மையாரோ, இவர்களுள் ஒருவர்க்கு மனைவியாகவும் இருவர்க்குத் தாயாகவும் மட்டுமே பலரால் நினைக்கப்படுகிறார். 1930-இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்டிர் சார்பில் அமர்ந்த இருவருள் இவரும் ஒருவர் என்பதும், அங்கு இவர் எழுப்பிய வழக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இந்நாட்டு அரசியலில் தீராது நின்றது என்பதும் போதிய அளவு எண்ணப்படவில்லை. அவ்வழக்கின் இயல்பையும் பயனையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

மரபும் உரிமையும்

பெண்பாலார் பிற அரசரவையில் தூது பேசுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டும் அதன் பழங்குறிப்பும் நமக்கு அறிவிக்கின்றன. இதனைக் காட்டி, சங்க காலத்திலேயே மகளிர் அரசியலில் தலைமை பெற்றிருந்தனர் என முடிவு கட்டுதல் நம்மிடையே உள்ள வழக்கம். அம்முடிவு முழுமையுடையது அன்று. ஔவையார் அதியமான் சார்பாகச் சென்றார். பெண்டிர் சார்பாகச் சென்றார் அல்லர். தனி ஒருவர் தம் புலமையாலும் மன்னன் நட்பாலும் அவை ஏறுதல் ஒன்று. ஓர் இனத்தார் அனைவரும் தமக்குரியது எனக் கேட்டு அவை ஏறுதல் மற்றொன்று. முன்னதற்கு நம் இலக்கியத்தில் சான்று உண்டு. பின்னதன் வரலாறு இந்நாட்டில் 1917-இல் தொடங்குகிறது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டாலன்றி இராதாபாயின் வழக்கை விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில், சரோசினி நாயுடு தலைமையில் பெண்டிர் குழு ஒன்று இந்திய அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் கண்டு வாக்குரிமை வேண்டியது. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. 1919-இல் அன்னி பெசண்டு, சரோசினி நாயுடு, ஹீராபாய் டாட்டா ஆகியோர் இலண்டன் சென்று பாராளுமன்றக் கூட்டுக் குழுவின்முன் வாதாடினர். முடிவில், பெண்டிர்க்கு வாக்களிப்பதும் மறுப்பதும் அந்தந்த மாகாணச் சட்டசபையின் விருப்பம் என விடப்பட்டது. 1921-இல் சென்னை மாகாணமே முதற்கண் அவ்வுரிமையை வழங்கியது. எனினும் வாக்குரிமை சொத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. சொத்துடைய பெண்டிர் மிகச் சிலரே ஆதலால், இந்தியா முழுவதும் வாக்காளருள் ஆடவர் இருபதின்மர்க்குப் பெண் ஒருவர் என்னும் அளவிலேயே நிலைமை இருந்தது.

சட்டசபை உறுப்பினராகும் உரிமை 1926-இல் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் தென்கன்னட மாவட்டத்தில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாயர் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரசினர் நியமனத்தால் சென்னைச் சட்டசபையில் இடம்பெற்று, 1927-இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவையில் அமர்ந்த பெண் நியமனத்தால் வந்தவர். மக்கள்முன் நின்ற பெண் தோற்றவர். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே மாகாணத்தில் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. அப்போது அம்மாகாணத்தின் முதலமைச்சர் சுப்பராயன். அவர் இல்லத்திலிருந்த இராதாபாய் இவற்றை அருகிருந்து கண்டவர் என்பது வெளிப்படை.

இலண்டனில் எழுந்த வழக்கு

இராதாபாய் 1891-இல் பிறந்தவர். தந்தையார் மங்களூர்க் குத்முல் ரங்கராவ். தாழ்த்தப்பட்டோர் கல்விக்காக அந்நகரில் பள்ளிகள் நிறுவித் தம் இனத்தாரின் பகையைத் தாங்கியவர். இராதாபாய் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியிலும் பயின்றார். 1912-இல் சுப்பராயனை மணந்தார். சாரசுவதப் பிராமணக் குடும்பத்துப் பெண்ணும் கொங்கு வேளாளச் சமீன்தாரும் செய்துகொண்ட இம்மணம், அக்காலத்தில் துணிவான செயலே.

1930 நவம்பர் 12-ஆம் நாள் முதல் வட்டமேசை மாநாடு இலண்டனில் தொடங்கியது. அவ்வாண்டு உப்பு அறப்போர் நடந்த ஆண்டு. காங்கிரசு இம்மாநாட்டைப் புறக்கணித்தது. வேதாரணியத்தில் ருக்மணி லட்சுமிபதி சிறை புகுந்தார். காந்தியடிகள் சிறைப்பட்டதை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றப் பதவியைத் துறந்தார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராசாசி நிறுவிய காந்தி ஆசிரமம் தேசிய இயக்கத்தின் பாசறையாக விளங்கியது. அதே திருச்செங்கோட்டு வட்டத்தைச் சார்ந்த குமாரமங்கலத்துக் குடும்பத்திலிருந்து ஒருவர் ஆங்கில அரசின் அழைப்பை ஏற்று இலண்டன் சென்றமை எவ்வாறு மதிக்கப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மாநாட்டுக்கு அழைக்கப்பெற்ற பெண்டிர் இருவர்: பஞ்சாபைச் சார்ந்த பேகம் சகானாரா ஷா நவாஸ், மற்றவர் இராதாபாய். முன்னவரின் தந்தையார் சர் முகம்மது ஷபி அம்மாநாட்டில் ஓர் உறுப்பினர். பின்னவரின் கணவர் சின்னாள் முன்னர் வரை முதலமைச்சராய் இருந்தவர். மாநாட்டு உறுப்பினர் பட்டியலிலும் இராதாபாயின் பெயர் ‘திருமதி சுப்பராயன்’ என்றே காணப்படுகிறது. அவர் அவைக்குச் சென்ற வாயில் குடும்ப உறவால் அமைந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அங்குச் சென்று அவர் குடும்பத்தின் வழக்கையோ சமீன்தார்களின் வழக்கையோ பேசவில்லை. பெண்டிர் வழக்கைப் பேசினார் என்பதே நாம் நோக்கற்பாலது.

அவ்வழக்கின் சாரம் பின்வருமாறு: பெண்டிர் சமம் என்று சட்டத்தில் எழுதிவிடுதல் தேவை, ஆயினும் அது போதாது. கல்வியும் சொத்தும் பொதுவாழ்வுப் பழக்கமும் ஆடவரிடமே குவிந்துள்ள நாட்டில், திறந்த போட்டி என்பது பெயரளவில் திறந்ததாகவே இருக்கும். ஆதலால் சட்டசபைகளில் நூற்றுக்கு ஐந்து இடங்களை முதல் மூன்று தேர்தல்களுக்கு மட்டும் மகளிர்க்கென ஒதுக்குதல் வேண்டும். மக்கள், பெண்டிரை அவையில் கண்டு பழகிய பின்னர் அவ்வொதுக்கீடு தானே நீங்கலாம்.

இவ்வழக்கில் இரண்டு கூறுகள் கருதத் தக்கன. ஒன்று, அவர் கேட்டது மிகச் சிறிய அளவு. மற்றொன்று, அவர் அதற்குக் கால எல்லை வகுத்தார். பெண்டிர் எக்காலத்தும் காக்கப்பட வேண்டிய மெலியர் என்னும் எண்ணம் அவரிடம் இல்லை. தடையை நீக்கும் வரை ஊன்றுகோல் என்பதே அவர் கொள்கை. ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினரான எலியனார் ராத்போன் அம்மையார் இக்கொள்கைக்குத் துணை நின்றார். இங்கிலாந்திலும் பெண்டிர்க்கு ஆடவரோடு ஒத்த வாக்குரிமை 1928-இல்தான் வந்திருந்தது. அதற்கு முன் 1918-இல் முப்பது வயது நிரம்பிய பெண்டிர்க்கே, அதுவும் தகுதி வரையறையோடு, வழங்கப்பட்டது. உரிமை படிப்படியாகவே கிட்டும் என்னும் எண்ணம் அவ்வரலாற்றிலிருந்து பிறந்தது எனலாம்.

எதிர்வழக்கு

இராதாபாயை மறுத்தவர் ஆடவர் மட்டும் அல்லர். இந்திய மாதர் சங்கம், அனைத்திந்திய மாதர் மாநாடு, இந்தியப் பெண்கள் தேசியப் பேரவை என்னும் மூன்று அமைப்புகளும் 1931-இல் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும். பெண்டிர்க்கெனத் தனியிடமோ நியமனமோ வேண்டா. சாதி சமய வேறுபாடற்ற பொதுத் தொகுதிகளே வேண்டும் என்பன அதன் கருத்துகள். அவ்வாண்டு நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் சரோசினி நாயுடு இதனை முன்வைத்தார். பேகம் ஷா நவாஸும் அவரோடு இணைந்தார். இராதாபாய் தம் நிலையினின்று பெயரவில்லை.

எதிர்வழக்குக் கூறியோரை நாம் எளிதில் ஒதுக்கிவிடுதல் ஆகாது. அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இட ஒதுக்கீடு என்னும் வாயிலைத் திறந்தால் அதன் வழியே வகுப்புப் பிரிவினை புகும் என்று அவர்கள் கருதினர். 1932 ஆகஸ்டில் பிரதமர் மக்டொனால்டு அறிவித்த வகுப்புத் தீர்ப்பு அவ்வச்சத்தை மெய்ப்பித்தது. பெண்டிர்க்கு அளித்த இடங்களும் சமயவாரியாகப் பகுக்கப்பட்டன. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் மகளிர்க்கு ஒதுக்கியவை 8; அவற்றுள்ளும் முசுலிம் பெண்டிர்க்கும் கிறித்தவப் பெண்டிர்க்கும் தனித்தனி இடங்கள் வகுக்கப்பட்டன. மகளிர் இயக்கம் ஒன்றாய் நின்று கேட்டதை அரசு பல கூறாக்கித் தந்தது.

மறுபுறம், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று ஆங்கில அரசு கூறியதும் உண்மைக்குப் பொருந்துவதன்று. கடலுக்கு அப்பால் இலங்கையில் டொனமோர் அரசியலமைப்பின்கீழ் 1931-லேயே இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் அனைவரும் வாக்களித்தனர். 1932-இல் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ் அம்மையார் வடகொழும்புத் தொகுதியில் வென்று அரசுப் பேரவையில் அமர்ந்தார். அதே ஆங்கில ஆட்சியின்கீழ்ப் பாக்கு நீரிணையின் ஒரு கரையில் நடைமுறைக்கு இயைந்தது மறு கரையில் இயையாது என்றல் எங்ஙனம் பொருந்தும்? முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் கேட்டது மிகையன்று என்பதற்கு இலங்கையே சான்று.

வேலூர் வட்டாரத்தில் வைத்து நோக்குதல்

1932-இல் லோதியன் பிரபு தலைமையில் இந்திய வாக்குரிமைக் குழு நாடெங்கும் சுற்றி ஆராய்ந்தது. இராதாபாய் அதன் உறுப்பினருள் ஒருவர். பெண் வாக்காளர் தொகையைப் பெருக்குதற்கு அக்குழு கண்ட வழி, சொத்துத் தகுதியுடைய ஆடவரின் மனைவியர்க்கு வாக்களித்தலும், எழுத்தறிவை ஒரு தகுதியாகக் கொள்ளுதலும் ஆகும். இக்கருத்துகள் பல மாற்றங்களுடன் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றன. அதன் பயனாகச் சுமார் 60 இலட்சம் பெண்டிர் வாக்காளராயினர். ஆடவர் வாக்காளரோ சுமார் 290 இலட்சம்.

இவ்வேற்பாடு சிற்றூர்களில் எவ்வாறு செயற்பட்டிருக்கும் என்பதைப் பரமத்தி வேலூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்த்தல் நலம். வேலூரை அடுத்த காவிரிக்கரை ஊர்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் பெயர் பெற்றவை. கொடிக்காலுக்கு உடையவரின் மனைவி, நிலம் கணவன் பெயரில் இருத்தலின், கணவனின் தகுதியால் வாக்காளர் ஆவாள். அதே கொடிக்காலில் நாட்கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்குச் சொந்த நிலமும் இல்லை. நிலமுடைய கணவனும் இல்லை. எழுத்தறியும் வாய்ப்பும் கிட்டவில்லை. ஆதலால் அவள் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாள். உடையவரின் மனைவியும் கணவன் இறந்தாலோ நிலம் கைமாறினாலோ தன் தகுதிக்கு வேறு ஆதாரம் தேடவேண்டும். பெண்ணுக்கு உரிமை வருகிறது. ஆனால் அது பெண் என்பதாலோ குடி என்பதாலோ வரவில்லை. மனைவி என்பதால் வருகிறது. மகளிர் அமைப்புகள் இதனையே இழிவு எனக் கண்டித்தன. அக்கண்டனம் முற்றும் நேரிது என்பது நம் கருத்து. மாநாட்டுப் பட்டியலில் ‘திருமதி சுப்பராயன்’ எனக் கணவர் பெயரால் குறிக்கப்பட்ட ஒருவர், நாட்டுப் பெண்டிரும் கணவர் தகுதியால் வாக்காளராவதற்குரிய திட்டத்தில் பங்கு கொண்டார் என்பது எண்ணத்தக்கது. இஃது அவர் கொள்கையின் குறைபாடாகிய பகுதி. இட ஒதுக்கீடு பற்றிய அவர் கருத்தையும் மனைவியர் வாக்குரிமை பற்றிய ஏற்பாட்டையும் ஒன்றாகக் குழப்பாது பிரித்து மதிப்பிடுதலே ஆராய்ச்சி முறை.

பின்னிகழ்ந்தவை

1938-இல் இராதாபாய் இந்திய மேலவையில் இடம்பெற்றார். அவ்வவையின் முதற்பெண் உறுப்பினர் அவரே. இதற்கிடையில் 1937-இல் ருக்மணி லட்சுமிபதி சென்னைச் சட்டசபையின் துணைச் சபாநாயகராகி, 1946-இல் அமைச்சரும் ஆனார். மறியலிலிருந்து வந்தவரும் மாநாட்டிலிருந்து வந்தவரும் ஈற்றில் அவைகளிலேயே வந்து சேர்ந்தனர்.

அரசியல் நிருணய சபையில் இருந்த பெண்டிர் பதினைவர். சென்னை மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்க்காபாய் ஆகியோர் சென்றனர். ரேணுகா ராய் போன்றோர் அச்சபையில் மகளிர்க்கு இட ஒதுக்கீடு வேண்டா என்றே வற்புறுத்தினர். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்தது. மகளிர்க்குத் தனியிடம் தரவில்லை. 1931-ஆம் ஆண்டுக் கூட்டறிக்கை வென்றது. வேலூர்க் கொடிக்கால் கூலிப்பெண் தன் பெயரால் வாக்காளரானது இவ்வெற்றியால்தான்; அதன் பெருமையைக் குறைத்தல் தகாது.

உலக அரங்கிலும் சமத்துவம் என்னும் அக்கொள்கையே இந்தியப் பெண்டிரின் குரலாய் ஒலித்தது. 1948-இல் ஐக்கிய நாடுகள் மன்றம் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதற்கூறு, ஆடவரைச் சுட்டும் சொல்லால் தொடங்கியது. அதனை மனிதர் அனைவரையும் சுட்டும் சொல்லாக மாற்றியமைத்தவர் ஹன்சா மேத்தா. 1953-இல் விசயலட்சுமி பண்டிதர் ஐக்கிய நாடுகள் பொதுச்சபைத் தலைவரானார். இராதாபாயின் மகளாகிய பார்வதி கிருட்டிணன், ஆக்ஸ்போர்டில் பயின்று பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, 1957-இல் கோவைத் தொகுதியில் வென்று மக்களவை சென்றார். அதே அவையில் அவர் தந்தையார் சுப்பராயன் திருச்செங்கோட்டுக் காங்கிரசு உறுப்பினராக இருந்தார். மகள் தம் அவையிடத்தைத் திறந்த போட்டியில் பெற்றார். இராதாபாய் 1960-இல் மறைந்தார்.

இவ்வளவில் வரலாறு முடிந்திருப்பின், அவர் வழக்கு தோற்றது என எழுதி முடித்திருக்கலாம். ஆனால் வாக்குரிமையின் சமத்துவம் அவையிடத்தின் சமத்துவமாக மாறவில்லை. 2021-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் பெண்டிர் வென்றவை 12. இது நூற்றுக்கு ஐந்து. இராதாபாய் 1930-இல் தொடக்கநிலை அளவாகக் கேட்டதும் நூற்றுக்கு ஐந்தே! தொண்ணூறு ஆண்டுகளின் திறந்த போட்டி, அவர் முதற்படியாகக் குறித்த இடத்திலேயே நம்மை நிறுத்தியுள்ளது. பரமத்தி வேலூர்த் தொகுதியில் 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் வென்றோர் ஆடவரே. அண்டையிலுள்ள திருச்செங்கோடும் இராசிபுரமும் 2016-இல் பெண்டிரைத் தேர்ந்தன என்பதையும் கூறுதல் வேண்டும். ஆதலின் இந்நிலத்து மக்கள் பெண் தலைமையை ஏலார் என்பது பொருந்தாது. போட்டியிட இடம் தரப்பட்டால் வாக்குக் கிடைக்கிறது. இடம் தருவதில்தான் தயக்கம் உள்ளது.

இத்தடையை உணர்ந்தே நாடு மீண்டும் இராதாபாயின் வழியை நாடியது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கை மகளிர்க்கு ஒதுக்கியது. 1996-இல் அதன்படி தமிழ்நாட்டில் தேர்தல் நடந்தது. 2016-இல் தமிழ்நாடு அதனைச் சரிபாதியாக உயர்த்தியது. 2023-இல் நிறைவேறிய 106-ஆம் திருத்தம் மக்களவைக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கை வரையறுத்தது. குடிமதிப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தபின் நடைமுறைக்கு வரும் எனவும், பதினைந்து ஆண்டு நிலைக்கும் எனவும் அதில் விதிக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் எனக் கொண்டால் பதினைந்து ஆண்டு என்பது மூன்று தேர்தல். 1930-இல் இராதாபாய் கேட்ட கால எல்லையும் மூன்று தேர்தலே. அளவு பெருகியதே அன்றி வழக்கின் வடிவம் மாறவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் கொள்ளும் முடிவுகள் இரண்டு. முதலாவது, 1930-களில் எதிரெதிராய் நின்ற இரு வழக்குகளும் ஒன்றை ஒன்று அழிப்பன அல்ல. முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் காத்த பொது வாக்குரிமை இல்லாதிருந்தால், ஒதுக்கிய இடங்கள் சொத்துடையார் வீட்டு மகளிர்க்கே உரியனவாகியிருக்கும். இராதாபாய் காட்டிய ஒதுக்கீடு இல்லாதிருந்தால், பொது வாக்குரிமை பெண்டிரை வாக்காளராக மட்டும் நிறுத்தியிருக்கும். முன்னது 1950-இலும் பின்னது 1993-இலும் நிறைவேறின. நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஊராட்சி அவை ஏறும் வாய்ப்பின்றிப் போன பெண்டிர் எத்துணையர் என்பதை எண்ணினால், அவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளாமையின் இழப்புப் புலனாகும்.

இரண்டாவது, வரலாறு எழுதும் முறை பற்றியது. இன்றும் ஊராட்சித் தலைவராகும் பெண்ணைக் கணவர் பெயரால் சுட்டி, பதவி அவளது, ஆட்சி அவனது என இகழ்தல் பல ஊர்களில் கேட்கப்படுகிறது. சிலவிடத்து அது மெய்யாதலும் உண்டு. ஆயினும் ஒருவர் எவர் வழியாக அவை ஏறினார் என்பதைக் கொண்டு அவர் ஆங்குச் செய்ததை அளத்தல் முறையன்று. கணவர் பெயரால் அழைக்கப்பட்ட இராதாபாய், தம் காலத்து மகளிர் அமைப்புகள் மூன்றும் மறுத்த பின்னரும் தாம் கண்ட உண்மையைக் கூறினார். அக்கருத்து எவரிடமிருந்தும் இரவல் பெற்றதன்று. சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றை இனி எழுதும் இளம் ஆராய்ச்சியாளர் அவரை ஒரு முதலமைச்சரின் மனைவி என்னும் அடைமொழியின்கீழ் அமைத்துவிடாது, மகளிர் பிரதிநிதித்துவ வழக்கின் முதல் வழக்குரைஞருள் ஒருவராக, அவர்தம் நிறையும் குறையும் தோன்ற எழுதுதல் வேண்டும். அவ்வாறே, ஊராட்சிப் பதிவேடுகளில் 1996 முதல் இடம்பெற்றுள்ள வேலூர் வட்டாரப் பெண்டிரின் செயல்களும் அவர்தம் சொந்தப் பெயரால் தொகுக்கப்பெறுதல் வேண்டும்.